டக்கோட்டாவின் வயிற்றில் செம்மண்

அம்மம்மாவின் அலுமாரிக்குள் கிடந்து எங்கள் கைக்கு வந்த சின்னக் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று இருக்கிறது. யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில் கம்பி வேலிப் பக்கமாக அம்மம்மாவும் இரண்டு பிள்ளைகளும் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார்கள், பின்னால் அந்தக் கால இலங்கை விமான சேவையான எயார் சிலோனின் டக்கோட்டா விமானம் மூக்கைத் தூக்கியபடி நிற்கிறது, அதன் ஒரு பக்கத்து எஞ்சின் ஏற்கெனவே ஓடத் தொடங்கிவிட்டது. படத்தின் பின்பக்கத்தில் மையால் ‘1954 ஆவணி’ என்று எழுதியிருக்கிறது. இதைப் பெரிதாக ஸ்கேன் பண்ணி வைத்துக்கொண்டு அக்ரிலிக்கில் தீட்டினேன். முதல் தடவை விமானத்தின் வயிற்றுப் பகுதிக்குக் கருஞ்சாம்பல் அடித்தேன், படத்தில் அப்படித்தானே தெரிகிறது. காய்ந்த பிறகு தள்ளி நின்று பார்த்தால் ஈயத்தில் வார்த்த சாமான் மாதிரி இருந்தது.

அந்த வயிறு சாம்பல் இல்லை, செம்மண் நிறம்.

டக்கோட்டா என்று நாங்கள் சொல்வது டக்ளஸ் கம்பனியின் டிசி-3 குடும்பத்து விமானம். முதன்முதலில் பறந்தது 1935 டிசம்பர் 17, இறக்கை நுனிக்கு நுனி 95 அடி. எயார் சிலோனின் முதல் சேவையே 1947 டிசம்பர் 10 அன்று இந்த வகை விமானத்தில்தான் நடந்தது, கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானையில் கிளம்பி எங்கள் பலாலியில் இறங்கி மதராசுக்குப் போனது. உடம்பு முழுக்க அலுமினியக் கலவைத் தகடு, அது அரித்துப் போகாமல் இருக்க மேலே தூய அலுமினியம் மெல்லிய தோல் போல ஒட்டியிருக்கும். பெயின்ற் பூசாத அந்தத் தோல்தான் வரைகிறவருக்குப் பெரிய சோதனை, ஏனென்றால் அலுமினியத்துக்குச் சொந்த நிறம் என்று அநேகமாக எதுவும் இல்லை. விழுகிற வெளிச்சத்தில் பத்தில் ஒன்பது பங்கு அளவுக்கு, எந்த நிறத்தையும் பெரிதாக விழுங்காமல் திருப்பி அனுப்பிவிடும். பக்கத்தில் என்ன நிற்கிறதோ அதுதான் அதன் நிறம்.

வீட்டில் ஒரு சில்வர் செம்பு இருந்தால் முற்றத்துக்குக் கொண்டுபோய், கண் மட்டத்துக்கு ஒரு மதில் மேலே வைத்துப் பாருங்கள். செம்பின் வயிற்றுக்கு நடுவில் ஒரு கறுத்த கோடு ஓடும், அது தூரத்தில் நிற்கிற மரங்களும் வேலியும் கூரைகளும். அதற்கு மேலே வானம், கீழே முழுக்க உங்கள் முற்றத்து மண். இதில் ஒரு கணக்கு இருக்கிறது. கண்ணாடி 1 பாகை சாய்ந்தால் அதில் பட்டுத் திரும்புகிற ஒளி 2 பாகை திரும்பும். ஆகவே உருளை மாதிரியான விமான உடம்பில், நடுக்கோட்டில் இருந்து 45 பாகை மேலே போவதற்குள்ளேயே அடிவானத்தில் இருந்து உச்சி வானம் வரைக்கும் எல்லாம் அடங்கிவிடும். அதற்கும் மேலே போனால் விமானத்துக்கு அந்தப் பக்கத்து வானம் தெரியத் தொடங்கும், அது உச்சியில் இருந்து திரும்பவும் அடிவானத்தை நோக்கி இறங்கும். உச்சி வானம் ஆழ்ந்த நீலம், அடிவானம் வெளிறியது என்பதால் உடம்பின் முதுகு விளிம்பு எப்போதும் வெளுத்துப்போய் இருக்கும், அதற்குச் சற்றுக் கீழேதான் நல்ல நீலம் வரும். இதை அறியாமல் மேலிருந்து கீழே வரவர ஒரே சீராகக் கருமையாக்கிக்கொண்டு வந்தால் தண்ணீர்க் குழாய் வருமே தவிர விமானம் வராது.

கீழ்ப் பக்கத்திலும் இதே கணக்குத்தான். வயிறு நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது. பலாலிப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், அங்கே தோட்டம் எல்லாம் செம்மண், ஆவணி வெயிலில் காய்ந்து செங்கல் நிறத்தில் கிடக்கும், கால் வைத்தால் செருப்பெல்லாம் சிவக்கும். அந்த மண்ணுக்கு மேலே நிற்கிற கண்ணாடியின் அடிப்பக்கம் வேறென்ன நிறத்தில் இருக்கும்?

சரி, அப்படியானால் படத்தில் ஏன் கிட்டத்தட்டக் கறுப்பாக இருக்கிறது? நானும் முதலில் அது தார்த் தரை என்றுதான் நினைத்தேன். விடை அம்மம்மாவின் நெற்றியில் இருந்தது. குங்குமம் தவிர வேறு பொட்டு வைத்து அவவை ஒருவரும் பார்த்ததில்லை, படத்திலோ அந்தப் பொட்டு மையால் குத்தியது போலக் கன்னங்கரேல் என்று இருக்கிறது. பிலிமில் இருக்கிற வெள்ளி உப்புகளுக்கு இயல்பாகத் தெரிவது நீலமும் ஊதாவும் மட்டும்தான். 1873 இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஃபோகல், அதில் ஒரு சாயத்தைச் சேர்த்தால் பச்சையும் தெரியும் என்று கண்டுபிடித்தார். அப்படி வந்த பிலிமுக்கு ஓர்த்தோகுறோமற்றிக் என்று பெயர், அதற்குச் சிவப்புத் தெரியாது. சிவப்பும் தெரிகிற பிலிம் பிறகு வந்துவிட்டது என்றாலும், சாதாரண பெட்டிக் கமராக்களில் போடுகிற கொடாக்கின் வெரிகுறோம் பிலிம் 1956 வரைக்கும் இந்தப் பழைய வகைதான். சிவப்புத் தெரியாத பிலிமில் குங்குமம் கறுப்பு, செம்மண்ணும் கறுப்பு, நீல வானமோ வெறும் வெள்ளை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது அந்தக் ‘கறுப்புத் தரை’யில் டயர் அமிழ்ந்து போன தடம் தெரிந்தது, தாரில் அப்படிப் பதியாது.

இரண்டாம் உலகப் போர்க் கால பிரிட்டிஷ் விமானங்களை வரைகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். வட்டச் சின்னத்தின் வெளி வளையம் பளிச்சென்ற மஞ்சள், இந்த வகை பிலிமில் அது கிட்டத்தட்டக் கறுப்பாகவே விழும், நீலமோ வெளுத்துப்போகும். படத்தை அப்படியே நம்பினால் நிறங்கள் தலைகீழாகிவிடும்.

இனிப் பெயின்றுக்கு வருவோம். செங்காவி நிறம் தருகிற பேண்ட் சியன்னா, கொஞ்சம் வெள்ளை, ஒரு துளி நீலம் கலந்து தட்டில் சரியான நிறம் எடுத்தேன், காய்ந்ததும் ஒரு படி கறுத்துப்போனது. இது கலக்கிறவரின் பிழை இல்லை, அக்ரிலிக்கின் குணம். ரியூப்புக்குள் இருப்பது தண்ணீருக்குள் மிதக்கிற மிகமிக நுண்ணிய பிளாஸ்டிக் உருண்டைகளும் நிறத்தூளும். ஒளியை எவ்வளவு வளைக்கும் என்று சொல்கிற ஒளிவிலகல் எண் தண்ணீருக்கு 1.33, அந்த பிளாஸ்டிக்கின் எண் ஏறத்தாழ 1.49. இரண்டும் ஒத்துப்போகாததால் ஒவ்வொரு உருண்டையும் ஒளியைச் சிதறடிக்கும், அதனால் ஈரத்தில் பெயின்ற் முழுக்க மெல்லிய பால் கலந்தது போல வெளிறித் தெரியும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் வெள்ளைப் பசை காய்ந்ததும் கண்ணாடியாகிறது அல்லவா, அதே கதை. தண்ணீர் போனதும் உருண்டைகள் நெருங்கி, நசுங்கி, ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்து ஒரே படலமாகும், பால் மறையும், உண்மையான ஆழ்ந்த நிறம் வெளியே வரும். ஆகவே நிறத்தைத் தட்டில் வைத்துத் தீர்மானிக்காதீர்கள். ஒரு துண்டுக் கடதாசியில் பூசிக் காயவிட்டு, அதைப் படத்தின் மேலே பிடித்துப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

அலுமினியத்தின் நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து போகும், எங்கள் வெயிலோ அதற்கு நேரம் தராது. சோளகக் காற்று அடிக்கிற வைகாசி, ஆனி மாதங்களில் விறாந்தையில் இருந்து தீட்டினால் மெல்லிய பூச்சு இரண்டு மூன்று நிமிடத்தில் இறுகிவிடும், பிறகு தூரிகையை இழுத்தால் பாதி காய்ந்த தோல் உரிந்து வரும். நான் இப்போது யன்னலைச் சாத்திவிட்டு விடியற்காலையில் வரைகிறேன், தட்டுக்குக் கீழே ஈரத் துணி விரிக்கிறேன், ஈரத்தில் கலக்கிற ஆசையை விட்டுவிட்டு, தண்ணீராகக் கரைத்த நிறத்தைப் பத்துப் பன்னிரண்டு தடவை ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றுகிறேன். அதற்குக் கிணற்றுத் தண்ணீர் பாவிப்பதில்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் இருந்து ஊறி வருகிற தண்ணீர், கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது கறுத்த மெல்லிய பூச்சிலும் ஒரு பனிப்புகார் போலப் படிந்தது. பிடித்து வைத்த மழைத்தண்ணீர் நல்லது.

ஒரு விடயம் கேட்பார்கள், வெள்ளிப் பெயின்ற் இருக்கிறதே என்று. அதில் இருக்கிற மினுங்கல் துகள்கள் உங்கள் அறையின் லைற்றைத்தான் காட்டும், 1954 இன் பலாலி வானத்தைக் காட்டாது. வேண்டாம்.

ஓடுகிற எஞ்சினின் காற்றாடிக்கும் கணக்குப் போடலாம். டக்கோட்டாவின் எஞ்சினுக்கும் காற்றாடிக்கும் நடுவில் பற்சக்கரம் உண்டு, எஞ்சின் 16 சுற்றுச் சுற்றினால் காற்றாடி 9 சுற்றுத்தான். நின்ற இடத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு 1000 சுற்று ஓடுவதாக வைத்தால் காற்றாடி விநாடிக்கு ஒன்பது சுற்றுக்குக் கொஞ்சம் மேலே. பெட்டிக் கமராவின் மூடி ஏறத்தாழ ஐம்பதில் ஒரு விநாடி திறந்திருக்கும், அதற்குள் காற்றாடியின் ஒவ்வொரு தகடும், அதாவது அலகும், 67 பாகை வரை போய்விடும். மூன்று அலகுகளும் சேர்ந்தால் வட்டத்தில் பாதிக்கு மேல் இழுபட்ட நிழல். அது எங்கும் ஒரே அடர்த்தியாக இருக்காது, நடுவுக்குக் கிட்ட அலகு கடக்கிற தூரம் குறைவு என்பதால் அங்கே கறுத்து, நுனிக்குப் போகப்போக மெலிந்து வானத்தோடு கரையும். உலர்ந்த தூரிகையால் நடுவில் இருந்து வெளியே தேய்த்தால் அது வரும்.

முதலில் வரைந்த சாம்பல் வயிற்றுப் படத்தைப் பத்திரிகைத் தாளில் சுற்றி அலுமாரிக்கு மேலே போட்டிருந்தேன். அக்ரிலிக் படலம் 10 பாகை செல்சியஸ் அளவில்தான் விறைக்கத் தொடங்கும், எங்கள் வீட்டுச் சித்திரை மாத 33 பாகையில் அது எப்போதும் கொஞ்சம் மென்மையாகவே இருக்கும், எதையாவது அழுத்தி வைத்தால் பிடித்துக்கொள்ளும். பிரித்தபோது தாள் ஒட்டிக் கிழிந்தது, விமானத்தின் வயிற்றில் செய்தி எழுத்துகள் இடவலம் மாறிப் பதிந்திருந்தன. செம்மண் வயிற்றுப் படத்தைச் சுற்றவில்லை, சுவரில் ஆணி அடித்துக் காற்றுப் படத் தொங்கவிட்டிருக்கிறேன்.