உப்பீனி: ஹாலஜன் பல்பின் பெயர்க் காரணம்

கார் ஹெட்லைட்டுக்குப் புது பல்பு வாங்கினால் அட்டைப்பெட்டியில் 'ஹாலஜன்' என்று போட்டிருக்கும். கண்ணாடியை விரலால் தொடக் கூடாது என்ற எச்சரிக்கையும் பெரும்பாலும் கூடவே இருக்கும். பெயர் வேறு, எச்சரிக்கை வேறு என்றுதான் தோன்றும். ஆனால் இரண்டிலும் உப்பு இருக்கிறது.

கிரேக்கத்தில் 'ஹால்ஸ்' என்றால் உப்பு. 'ஜென்' என்ற பின்பகுதிக்குப் பிறப்பிப்பது என்று பொருள். இரண்டையும் சேர்த்து 1811இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஷ்வைகர் 'ஹாலஜன்' என்ற பெயரை முன்மொழிந்தார். அப்போது அது ஒரே ஒரு தனிமத்துக்கான பெயர்தான். வெளிர்பச்சை நிறத்தை வைத்து ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி 'குளோரின்' என்று பெயரிட்டிருந்தாரே, அதற்கு மாற்றாக ஷ்வைகர் இதைச் சொன்னார். டேவியின் பெயரே நிலைத்தது. பிறகு சுவீடனின் வேதியியலாளர் பெர்சீலியஸ் இந்தச் சொல்லை எடுத்து, புளோரின், குளோரின், அயோடின் மூன்றுக்கும் பொதுப்பெயர் ஆக்கினார். 1826இல் கண்டறியப்பட்ட புரோமினும் இந்தக் குடும்பத்தில் சேர்ந்தது. சோடியம் போன்ற உலோகத்தோடு சேர்ந்தால் உப்பைத் தருவதே இவற்றின் பொதுக்குணம். சோடியமும் குளோரினும் கூடினால் கிடைப்பது நம் சமையலறை உப்பு.

தமிழில் இதற்கு 'உப்பீனி' என்ற சொல் இருக்கிறது. உப்பு + ஈனி. ஈனுதல் என்றால் பெறுதல், தோற்றுவித்தல். மாடு கன்று ஈனும், வாழை குலை ஈனும், நெல் கதிர் ஈனும். பூச்சியைக் கொல்வது பூச்சிக்கொல்லி, மரத்தைக் கொத்துவது மரங்கொத்தி, அப்படியே உப்பை ஈனுவது உப்பீனி. வினையைச் செய்வதைக் குறிக்க இகர விகுதி போடுவது தமிழில் காலங்காலமாக உள்ள வழக்கம். அதனால் இந்தச் சொல்லைப் புதிதாகக் கேட்பவருக்கும் பொருள் ஓரளவு பிடிபடும். ஹைட்ரஜனிலும் அதே 'ஜென்' உண்டு; அதன் பொருள் நீரைப் பிறப்பிப்பது. ஆனால் அதற்கு வழங்கும் 'நீரகம்' என்ற தமிழ்ப் பெயரில் பிறப்பிக்கும் வினை விடுபட்டுப் போகிறது. உப்பீனியில் வினையும் நிற்கிறது, பெயரும் நிற்கிறது. கலைச்சொல் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்பேன். கிரந்த எழுத்தை விலக்கி 'ஆலசன்' என்று எழுதுவோரும் உண்டு. அது ஒலியை மட்டும் தருகிறது, பொருளைத் தருவதில்லை.

சரி, உப்பீனிக்கும் பல்புக்கும் என்ன தொடர்பு?

பழைய குண்டு பல்பைப் பார்த்திருப்பீர்கள். எரிய எரியக் கண்ணாடியின் உள்பக்கம் கறுத்துப் போகும். உள்ளே இருக்கும் டங்ஸ்டன் இழை அத்தனை சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக் கண்ணாடியில் படிவதால் வரும் கறுப்பு அது. வெளிச்சம் மங்கும், இழை மெலியும், ஒரு நாள் அறுந்துவிடும். அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் எல்மர் ஃபிரிட்ரிக், எம்மெட் வைலி இருவரும் இதற்குக் கண்ட வழி பல்புக்குள் சிறிதளவு அயோடினைச் சேர்ப்பது. 1959இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. ஆவியான டங்ஸ்டன் கண்ணாடிச் சுவரை நெருங்கும்போது அயோடினோடு சேர்ந்து ஒரு சேர்மம் ஆகிறது. சுவர் 250 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக இருப்பதால் அந்தச் சேர்மம் அங்கே ஒட்டாமல் வாயுவாகவே சுற்றுகிறது. இழைக்குப் பக்கத்தில் வரும்போது அங்குள்ள கடும் வெப்பத்தில் பிரிந்து, டங்ஸ்டனை இழையிலேயே விட்டுவிடுகிறது. விடுபட்ட அயோடின் மறுபடி சுவரை நோக்கிப் போகிறது. திரும்பி வரும் டங்ஸ்டன், விட்ட இடத்திலேயே சரியாகப் போய் உட்காராது என்பதால் இழை என்றாவது அறுந்துதான் போகும். ஆனால் கண்ணாடி கடைசி வரை தெளிவாக இருக்கும்.

இந்தச் சுழற்சி நடக்கச் சுவர் சூடாக இருந்தாக வேண்டும். அதனால்தான் ஹாலஜன் பல்பு அவ்வளவு சிறியதாக, கண்ணாடி இழைக்கு மிக நெருக்கத்தில் இருக்கிறது. சாதாரணக் கண்ணாடி அந்தச் சூட்டைத் தாங்காது. குவார்ட்ஸ் அல்லது அதற்கென்றே செய்த கடினக் கண்ணாடி வேண்டும். முதலில் இதை 'குவார்ட்ஸ் அயோடின் விளக்கு' என்றே சொன்னார்கள். பிரான்சில் காரின் முகப்பு விளக்குக்கு 'அயோடின் விளக்கு' என்ற பெயரே வழக்கில் இருந்தது. பின்னால் அயோடினுக்குப் பதில் புரோமினையும் பயன்படுத்தத் தொடங்கியதும், எல்லாவற்றுக்கும் பொதுவான குடும்பப் பெயரான ஹாலஜன் பல்புக்கு வந்து சேர்ந்தது. ஐரோப்பாவில் கார்களுக்கான முதல் ஹாலஜன் பல்பு எச்1, 1962இல் வந்தது. எச்4 வந்தது 1971இல். அந்த 'எச்' ஹாலஜனின் முதலெழுத்துதான்.

எச்4 பல்பை ஒரு தடவை கையில் எடுத்து (உலோகப் பகுதியைப் பிடித்துத்தான்) உற்றுப் பார்க்கலாம். உள்ளே இரண்டு இழைகள்: டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. டிம் இழைக்கு அடியில் கரண்டி மாதிரி வளைந்த ஒரு சின்ன உலோகத் தகடு. எதிரே வருபவர் கண்ணில் வெளிச்சம் அடிக்காமல் கீழ்ப்பக்கத்தை மறைப்பது அதுதான். அடிப்பகுதி வட்டத்தில் மூன்று காதுகள் நீட்டிக்கொண்டிருக்கும், அதில் ஒன்று அகலமானது. அதனால் பல்பைத் தலைகீழாகப் பொருத்த முடியாது.

இந்த பல்பை மாற்றுவது எப்படி என்று பார்க்க, மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் முதல் தலைமுறையை எடுத்துக்கொள்வோம். 1989இல் வந்த இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். விளக்குகள் பானெட்டுக்குள் படுத்திருந்து, சுவிட்சைப் போட்டால் எழுந்து நிற்கும். பல்பு மாற்ற முதலில் விளக்கை எழுப்பி, வெளிச்சத்தை அணைத்து, சூடு ஆறவிட வேண்டும். விளக்கைத் தூக்கி இறக்குவது ஒரு மோட்டார். கை உள்ளே இருக்கும்போது அது இயங்கினால் விரல் நசுங்கும். எனவே பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுவது நல்லது. இந்தக் காரில் பேட்டரி டிக்கியில் இருக்கிறது, முன்னால் தேட வேண்டாம். அப்புறம் விளக்கைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் சட்டம், அதற்குள் கண்ணாடியைப் பிடித்திருக்கும் உலோக வளையம் இரண்டையும் கழற்ற வேண்டும். வளையத்தின் ஸ்குரூக்களோடு, விளக்கு எந்தத் திசையில் பார்க்க வேண்டும் என்பதைத் திருத்தும் ஸ்குரூக்களும் அருகிலேயே இருக்கும். அவற்றைத் திருகிவிட்டால் வெளிச்சம் இடம் மாறிப் போகும். விளக்கை முன்னால் இழுத்து, மூன்று முனை கனெக்டரைப் பிடுங்கி, ரப்பர் உறையை உரித்தால் கம்பி கிளிப் தெரியும். அதை அழுத்தி விலக்கினால் பல்பு கையோடு வந்துவிடும்.

அமெரிக்காவில் விற்ற இதே காரில் தனி பல்பு கிடையாது. கண்ணாடி, பிரதிபலிப்பான், இழை மூன்றும் ஒன்றாக அடைத்த 'சீல்டு பீம்' விளக்கு அது. போனால் முழுசாகத்தான் மாற்ற வேண்டும். போர்ஷே 911இன் 996 தலைமுறையில் வேறு ஏற்பாடு. முன் டிக்கியின் உள்ளிருந்து, காரோடு வரும் கருவியால் பூட்டைத் திருப்பினால் முழு விளக்கும் முன்னால் வழுக்கி வரும். மேசைமேல் வைத்தே பல்பை மாற்றலாம். வீட்டில் வேலை செய்பவருக்கு இவ்வளவு வசதி தரும் கார்கள் குறைவு.

இப்போது அந்த எச்சரிக்கைக்கு வருவோம். விரல் பட்டால் எண்ணெய்ப் பிசுக்கோடு வியர்வை உப்பும் கண்ணாடியில் ஒட்டும். வியர்வை உப்பு என்பது பெரும்பாலும் சோடியம் குளோரைடு, அதாவது ஓர் உப்பீனி ஈன்ற உப்பு. பல்பு எரியும் சூட்டில் அந்தச் சோடியம் குவார்ட்சைத் தாக்கும். தெளிவாக இருந்த குவார்ட்ஸ் அந்த இடத்தில் படிகமாக மாறிப் பால்போல் வெளுக்கும், வலுவிழக்கும். சூடும் சீராகப் பரவாது. உள்ளே வாயு அழுத்தத்தோடு அடைபட்டிருப்பதால் அந்த இடம் புடைக்கலாம், வெடிக்கவும் செய்யலாம். உள்ளே உப்பீனி இழையைக் காக்கிறது, வெளியே உப்பு அதன் கூட்டைக் கெடுக்கிறது. அதனால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அல்லது உலோக அடிப்பகுதியை மட்டும் பிடியுங்கள். தொட்டுவிட்டால் பயப்பட வேண்டாம். எரியவிடும் முன் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த, நூல் உதிராத துணியால் துடைத்துவிட்டால் போதும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்வதும் நல்லது.

தமிழில் எழுதும்போது எந்தச் சொல்லை எங்கே வைப்பது? ஹெட்லைட்டுக்கு 'முகப்பு விளக்கு' நன்றாகவே ஊன்றிவிட்டது. பல்புக்கு இலங்கையில் 'மின்குமிழ்' என்பார்கள், அழகான சொல். பாடத்திலும் கட்டுரையிலும் 'உப்பீனி விளக்கு' என்று தயங்காமல் எழுதலாம். கடையில் மட்டும் 'எச்4 ஹாலஜன்' என்றே கேளுங்கள், இல்லாவிட்டால் சரியான பல்பு கிடைக்காது.

எல்இடி பல்பை இந்தப் பெயரால் சொல்லக் கூடாது. அதில் டங்ஸ்டன் இழையும் இல்லை, அதைக் காக்கும் உப்பீனியும் இல்லை. எச்4 அடிப்பகுதியோடு விற்கும் எல்இடி பல்பு, ஹாலஜனுக்காகச் செய்த விளக்கில் அப்படியே பொருந்தும். ஆனால் அந்தப் பிரதிபலிப்பானின் வளைவு இழை இருக்கும் இடத்தைக் கணக்கிட்டு அமைத்தது. ஒளி புறப்படும் இடமும் வடிவமும் மாறினால் வெளிச்சம் சிதறி எதிரே வரும் ஓட்டுநரின் கண்ணைக் கூசவைக்கும். ஹாலஜன் விளக்கு உள்ள பழைய காருக்கு ஹாலஜன் பல்பையே போடுங்கள்.