பிழைத்து வந்தவர்கள் கேட்கும் கேள்வி

மாரடைப்பிலிருந்து பிழைத்து மறுபரிசோதனைக்கு வருகிறவர்களில் பலர், கிளம்பும்போது கேட்பார்கள்: "டாக்டர், நாலு பேருக்கு ஏதாவது செய்யணும்னு தோணுது. என்ன செய்யலாம்?" எங்கள் ராமநாதபுரம் கடற்கரையில் இது புதிதில்லை. கோயிலில் அன்னதானம், ஏர்வாடி தர்காவில் நேர்ச்சை, மாதா கோயிலில் அசனம் என்று அவரவர் நேர்ந்துகொண்டதை முடித்துவிட்டுத்தான் என்னிடம் வருவார்கள். நல்லது. அதற்கு மேலும் கொடுக்க மனமிருந்தால் நான் சொல்வது ஒன்றுதான்: உங்கள் சிகிச்சை எந்த இடத்தில் தடுமாறியதோ, அந்த இடத்துக்குக் கொடுங்கள். அந்த இடம் மருத்துவர்களைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

தங்கச்சிமடம் பக்கத்தில் ஒரு விசைப்படகு உரிமையாளர். இரவு நெஞ்சைப் பிடித்தபோது வாயு என்று நினைத்து சோடா குடித்தார், ஓமத்தண்ணீர் குடித்தார், விடியட்டும் என்று படுத்துவிட்டார். பனியன் வேர்வையில் ஊறிப்போனதைப் பார்த்த மனைவிதான் அக்கம்பக்கத்தை எழுப்பியிருக்கிறார். கிடைத்தது மீன் ஏற்றும் வண்டி. ஐஸ் பெட்டிகளை இறக்கிவிட்டு அதில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் சுமார் 55 கி.மீ. மதுரைக்குப் போக வேண்டுமென்றால் அங்கிருந்து இன்னும் 110 கி.மீ.

ரத்தக்குழாய் அடைபட்ட நேரத்திலிருந்து இதயத் தசை செத்துக்கொண்டே வரும். அடைத்திருக்கும் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி முதல் சில மணி நேரத்தில்தான் முழுப் பலன் தரும். 12 மணி நேரம் தாண்டினால் பெரிதாகப் பயனில்லை. அவர் பிழைத்துக்கொண்டார், ஆனால் இதயம் பழைய பலத்துக்கு வரவில்லை. படகில் ஏறுவதை விட்டுவிட்டார்.

முதலில் அவர் தன் பெயர் போட்டு ஓர் ஈசிஜி இயந்திரம் வாங்கித் தர நினைத்தார். இயந்திரம் இங்கே இருக்கிறது. 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்து அனுப்பும் வசதியும் வந்துவிட்டது. அங்கே வந்து சேர்வதுதானே பாடு? அதைச் சொன்னேன், யோசித்தார். இப்போது ஊர் டீக்கடைச் சுவரில் இரண்டு டிரைவர்களின் எண்கள் எழுதியிருக்கின்றன. நெஞ்சுவலி என்றால் முதலில் 108. அது வர நேரமாகும் என்றால் இவர்கள். வாடகை அவருடைய கணக்கு. யார் வீடு என்று கேட்பதில்லை.

இன்னொருவர் பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கும் பெண். "முன்ன மாதிரி மூச்சுப் பிடிச்சு முங்க முடியல சார்" என்று வந்தார். சின்ன வயதில் தொண்டைப்புண்ணைத் தொடர்ந்து வந்த ருமாட்டிக் காய்ச்சல் இதய வால்வைச் சுருக்கியிருந்தது. காப்பீட்டுத் திட்டத்தில் செயற்கை வால்வு பொருத்தினார்கள். ஆபரேஷனுக்குப் பணம் கிடைத்தது. அதற்கப்புறம் வாழ்நாள் முழுக்க ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, அதன் அளவு சரிதானா என்று பார்க்க அடிக்கடி ரத்தப் பரிசோதனை. ஒவ்வொரு தடவையும் பஸ் செலவு, ஒரு நாள் கூலி நட்டம். பாறையில் கை கிழித்தால் ரத்தம் நிற்காது என்பதால் பாசித் தொழிலும் போயிற்று. கூடைபின்னி விற்கிறார். அந்த வருமானத்திலும், ருமாட்டிக் காய்ச்சல் வந்த பக்கத்துத் தெருச் சிறுமியை மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசிக்குத் தன் செலவில் அழைத்து வருகிறார். அந்த ஊசி பல வருடங்கள் விடாமல் போட வேண்டியது. நடுவில் நின்றுபோனால் காய்ச்சல் மறுபடி வந்து வால்வைக் கெடுக்கும். நான் பார்த்த தர்மங்களில் இதைத்தான் பெரிதாக நினைக்கிறேன்.

கொடுப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். மாத்திரை வாங்கி நீங்களே விநியோகிக்காதீர்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை அளவு மாறினால் உயிருக்கே ஆபத்து. வாட்ஸ்அப்பில் குழந்தைப் படத்தோடு உதவி கேட்டு வந்தால், ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு விசாரித்து, பணத்தை ஆஸ்பத்திரிக் கணக்கிலேயே கட்டுங்கள். காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்றும் கேளுங்கள். அது இருந்தால் உங்கள் பணம் பயணத்துக்கும் துணைக்கு வருகிறவர் சாப்பாட்டுக்கும் உதவும். மாரடைப்பு வந்தவர் ரத்ததானம் செய்யக் கூடாது. உங்கள் மகனோ மருமகனோ செய்யலாம், இதய ஆபரேஷன்களுக்கு ரத்தம் எப்போதும் தேவை.

எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால், உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸைக் கேளுங்கள். எந்தப் பிள்ளை இந்த முறை ஊசிக்கு வரவில்லை, ஏன் வரவில்லை என்பது அவருக்குத் தெரியும். பஸ் காசுதான் காரணம் என்றால், அதை நீங்கள் இன்றைக்கே கொடுத்துவிட்டு வரலாம்.