வலி ஒரு பக்கம், ரிப்போர்ட் ஒரு பக்கம்

"சார், அம்மாவுக்கு முழங்கால்ல மெடிக்கல் மெனிஸ்கஸ் கிழிஞ்சிருக்குன்னு போட்டிருக்கு. ஆபரேஷன்தானா?" என்று போனில் கேட்டார் ஒரு தம்பி. அது மெடிக்கல் அல்ல, மீடியல். மெனிஸ்கஸ் என்பது முழங்கால் மூட்டுக்குள் மெத்தை மாதிரி இருக்கும் ஜவ்வு. நேரில் கூட்டி வரச் சொன்னேன்.

பிசியோதெரபிக்கு வருகிறவர்கள் எல்லாவற்றையும் 'ஜவ்வு' என்றுதான் சொல்வார்கள். தப்பில்லை. ஆனால் எந்தப் பக்கத்து ஜவ்வு என்பதைச் சொல்வது ரிப்போர்ட்டில் அதற்கு முன்னால் நிற்கும் சொல்.

நேராக நின்று, உள்ளங்கைகளை முன்பக்கம் காட்டுங்கள். மூக்கிலிருந்து தொப்புள் வழியாக ஒரு கோடு இறங்குவதாக வைத்துக்கொண்டால், அந்தக் கோட்டை நெருங்கிய பக்கம் மீடியல், விலகிய பக்கம் லேட்டரல். கையைத் திருப்பினால் கட்டைவிரல் பக்கம் மாறிவிடும் அல்லவா? அதனால்தான் இந்த ஒரே நிலையை வைத்துப் பேசுகிறோம். முன்கையில் இரண்டு எலும்புகள்: இந்த நிலையில் கட்டைவிரல் பக்கத்து ரேடியஸ் லேட்டரல், சுண்டுவிரல் பக்கத்து அல்னா மீடியல். இடது, வலது என்பதும் எப்போதும் நோயாளியுடையதுதான். படத்தைப் பார்ப்பவருடையது அல்ல.

கை, கால்களில் மேல், கீழ் என்று சொன்னால் கையைத் தூக்கியதும் குழப்பம். எனவே உடம்போடு சேரும் இடத்துக்குக் கிட்ட இருப்பது ப்ராக்ஸிமல், தள்ளி இருப்பது டிஸ்டல். வழுக்கி விழும்போது கையை ஊன்றி மணிக்கட்டருகே உடைவது டிஸ்டல் ரேடியஸ். அதே எலும்பின் ப்ராக்ஸிமல் முனை முழங்கையில் இருக்கிறது.

இந்தச் சொல் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஸ்கேஃபாய்டு என்ற மணிக்கட்டு எலும்பைச் சொல்வேன். கட்டைவிரலை விரித்து நிமிர்த்தினால் அதன் அடியில் ஒரு குழி விழும். அதற்குள் முந்திரிப்பருப்பு மாதிரி இருப்பதுதான் அந்த எலும்பு. பைக்கிலிருந்து விழுந்து அதை உடைத்துக்கொண்ட ஒருவர், "என் ஃப்ரெண்டுக்கும் இதே எலும்புதான், ரெண்டே மாசத்துல கட்டு பிரிச்சுட்டாங்க" என்று என்னிடம் கோபப்பட்டார். அவர் ரிப்போர்ட்டில் 'ப்ராக்ஸிமல் போல்' (pole), அதாவது ப்ராக்ஸிமல் முனை என்றிருந்தது. அந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் டிஸ்டல் பக்கம் நுழைந்து பின்னோக்கிப் போகிறது. ப்ராக்ஸிமல் துண்டு உடைந்து பிரிந்தால் அதற்கு ரத்தம் குறைந்துவிடும். எலும்பு ஒன்றுசேர மாதக்கணக்கில் ஆகும், சில சமயம் அந்தத் துண்டு செத்தே போகும். முதல் எக்ஸ்ரேயில் இந்த முறிவு தெரியாமல் போவதும் உண்டு. விழுந்தபின் அந்தக் குழியில் அழுத்தி வலித்தால், 'வெறும் சுளுக்கு' என்று நீவி விடாதீர்கள்.

மறுநாள் அந்த அம்மா வந்தார். "எங்கம்மா வலிக்குது, ஒரே விரலால தொட்டுக் காட்டுங்க" என்றேன். முழங்காலின் வெளிப்பக்கத்தைத் தொட்டார். லேட்டரல்! கிழிசலோ உள்பக்கத்தில். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு ஸ்கேன் எடுத்தால், வலியே இல்லாத பலருக்கும் மெனிஸ்கஸில் கிழிசல் தெரியும். ஆபரேஷன் பேச்சைத் தள்ளிவைத்து, வெளிப்பக்கம் ஏன் வலிக்கிறது என்று அவரை நடக்கவிட்டுப் பார்க்க ஆரம்பித்தேன்.