பாப்3: ‘போஸ்ட் ஆபீஸ் புரோட்டோகால்’ – சொல் விளக்கம்

எங்கோ ஒரு கணினியில் வந்து காத்திருக்கும் மின்னஞ்சலை நம் கணினிக்கு இறக்கிக்கொள்ள உதவும் ஏற்பாட்டுக்குப் பாப்3 என்று பெயர். ‘போஸ்ட் ஆபீஸ் புரோட்டோகால்’ என்பதன் முதலெழுத்துகள். 3 என்பது மூன்றாம் பதிப்பு. தமிழில் அஞ்சலக நெறிமுறை. அகராதிக்கு இவ்வளவு போதும். பைத்தான் மாதிரி ஒரு நிரல் மொழியில் சொந்தமாகப் பாப்3 வழங்கி (சர்வர்) எழுதிப் பார்க்க உட்காருபவருக்கு இது போதாது. அதிலும் நெறிமுறை என்ற சொல் அவரைக் கொஞ்சம் தவறான திசைக்கே தள்ளிவிடும்.

முதலில் வரலாறு, சுருக்கமாக. முதல் பாப் 1984 அக்டோபரில் ஜாய்ஸ் ரெனால்ட்ஸ் எழுதிய ஆர்எஃப்சி 918இல் வந்தது; இணைய நெறிமுறைகளை எழுதிவைக்கும் எண்ணிட்ட ஆவணங்களுக்கு ஆர்எஃப்சி என்று பெயர். அடுத்த பிப்ரவரியிலேயே இரண்டாம் பதிப்பு. மூன்றாவதை 1988இல் மார்ஷல் ரோஸ் எழுதினார். இன்று எல்லாரும் பின்பற்றும் வடிவம் 1996 மே மாதத்து ஆர்எஃப்சி 1939. அதை ஜான் மையர்ஸும் ரோஸும் சேர்ந்து எழுதினார்கள். எப்போதும் இணைப்பில் இருக்க முடியாத சின்னக் கணினிகளுக்காகச் செய்த ஏற்பாடு இது. மும்பையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அரசு நிறுவனமான விஎஸ்என்எல் 1995 ஆகஸ்ட் 15 அன்று இணையத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டபோது வீட்டுக்கு வந்த டயல்-அப் இணைப்புக்கு இது அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. போன் போடு, தபாலை இறக்கு, போனை வை, அப்புறம் நிதானமாகப் படி. மீட்டர் ஓடாது.

இதில் ‘போஸ்ட் ஆபீஸ்’ எங்கே வருகிறது? மும்பையில் சிஎஸ்எம்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஜிபிஓவை, அதாவது தலைமைத் தபால் நிலையத்தை, நினைத்துக்கொள்ளலாம். ஜான் பெக் வடிவமைத்து 1913இல் கட்டி முடித்தது, பீஜப்பூர் கோல்கும்பஸை ஒத்த கும்மட்டம் கொண்டது. நிரந்தர முகவரி இல்லாதவர்களுக்காக இம்மாதிரிப் பெரிய தபால் நிலையங்களில் ‘போஸ்ட் ரெஸ்டான்ட்’ என்று ஓர் ஏற்பாடு உண்டு. கடிதம் உங்கள் வாசலுக்கு வராது, கவுன்டரிலேயே இருக்கும். நீங்கள் போய், யாரென்று காட்டி, வாங்கிக்கொள்ள வேண்டும். பாப்3 செய்வது அச்சுஅசலாக இதுதான். ஊர்விட்டு ஊர் கடிதத்தைச் சுமப்பது வேறொரு நெறிமுறையின் வேலை, அதன் பெயர் எஸ்எம்டிபி.

இந்த வேறுபாட்டை வைத்துப் பார்த்தால் நம் சொற்களும் சுவையாக இருக்கின்றன. ‘போஸ்ட்’ என்பது இத்தாலிய ‘போஸ்டா’ வழியாக வந்தது; வழிநெடுகக் குதிரைகளை மாற்றிக்கொள்ள நிறுத்திவைத்த நிலையம் என்று பொருள். நம் அஞ்சலும் அப்படித்தான். திருவிதாங்கூர் சமஸ்தானம் தன் தபால் துறையை ‘அஞ்சல்’ என்றே அழைத்தது, கையில் சலங்கை கட்டிய ஈட்டியோடு ஓடியவர் அஞ்சலோட்டக்காரர். இலங்கைத் தமிழர் இன்றும் தொடர் ஓட்டப் பந்தயத்தை அஞ்சலோட்டம் என்கிறார்கள். ஆக அஞ்சல் என்ற சொல்லின் உயிர் கைமாற்றி ஓடுவதில் இருக்கிறது. அது எஸ்எம்டிபிக்குத்தான் கச்சிதம். பாப்3இல் யாரும் ஓடுவதில்லை. ஓட்டம் முடிந்து சரக்கு அலுவலகத்தில் கிடக்கிறது. அதனால் ‘அஞ்சல் நெறிமுறை’ என்று எழுதினால் தப்பு, ‘அஞ்சலக’ என்பதில் உள்ள ‘அக’ கட்டாயம் வேண்டும். தபால் என்றே சொன்னாலும் எனக்கு வருத்தமில்லை. மராத்தியிலும் டபால்தான். தாராவியிலிருந்து கொலாபா வரை யாருக்கும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, புரோட்டோகால். கிரேக்கத்தில் ‘புரோட்டோஸ்’ என்றால் முதல், ‘கோல்லா’ என்றால் பசை. பாப்பிரஸ் தாள்களை ஒட்டி ஒட்டிச் சுருளாக்கும்போது எல்லாவற்றுக்கும் முன்னால் ஒட்டிய தாளுக்குப் ‘புரோட்டோகோல்லோன்’ என்று பெயர். அந்தச் சுருள் யாருடைய அதிகாரத்தில், எப்போது தயாரானது என்ற விவரம் அதில் இருக்கும். போலிப் பத்திரத்தைக் கண்டுபிடிக்க உதவியதால் அந்தத் தாளை வெட்டக் கூடாது என்று பேரரசர் ஜஸ்டீனியன் 6ஆம் நூற்றாண்டில் சட்டமே போட்டார். பிறகு இடைக்கால லத்தீனில் ஆவணத்தின் மூலப்படி என்றும், பிரெஞ்சில் ராஜதந்திர ஒப்பந்தத்தின் வரைவு என்றும், அப்படியே தூதர்கள் நடந்துகொள்ள வேண்டிய வரிசைமுறை என்றும் பொருள் நகர்ந்தது. கணினிகள் பேசிக்கொள்ளும் விதத்துக்கு இந்தச் சொல்லை 1967இல் பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் ரோஜர் ஸ்கேன்டில்பரியும் கீத் பார்ட்லெட்டும் ஒரு குறிப்பில் எழுதினார்கள். பசையில் ஆரம்பித்த சொல் இங்கே வந்து ஒட்டிக்கொண்டுவிட்டது.

தமிழில் நெறிமுறை என்கிறோம். மும்பை சயானில் ஞாயிறுதோறும் பைத்தான் சொல்லிக்கொடுக்கும் வகுப்பில், மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்துவிட்டு வந்த பையன் ஒருவன் கேட்டான்: “அண்ணே, நெறிமுறைன்னா ஒழுக்கம்தானே? கம்ப்யூட்டருக்கு எதுக்கு ஒழுக்கம்?” பக்கத்திலிருந்த பெண் மராத்தி வழியில் படித்தவள். அவளுக்குப் புரோட்டோகால் என்றால் ‘ராஜசிஷ்டாசார்’. மகாராஷ்டிர அரசில் அந்தப் பெயரில் ஒரு துறையே இருக்கிறது, விருந்தினராக வரும் தலைவர்களை வரவேற்பது அதன் வேலை. இருவரும் சொன்னதில் பிழை இல்லை. குறளின் 6ஆம் பாட்டிலேயே ‘ஒழுக்க நெறி’ என்று நெறியும் ஒழுக்கமும் சேர்ந்துதான் வருகின்றன. போதாததற்கு அரசாணைகளில் ‘வழிகாட்டு நெறிமுறைகள்’ வேறு. அவை பொதுவான அறிவுரைகள், முன்னே பின்னே இருந்தாலும் காரியம் நடந்துவிடும். பாப்3இல் ஒரு புள்ளி விட்டுப்போனால் எதிர்முனை, அதாவது தபாலை எடுக்க வந்த நிரல், சிலைபோல் நின்றுவிடும்.

எனக்கு இந்தக் கூட்டுச்சொல்லில் பிடித்த பாதி ‘முறை’. வரிசைக்கும் முறை, விதிக்கும் முறை, ‘இப்ப உன் முறை’ என்று விளையாட்டில் சொல்கிறோமே, அதற்கும் முறை. பாப்3ஐ எழுதிப் பார்த்தால் கடைசிப் பொருள்தான் கையில் தட்டுப்படும். இணைப்பு கிடைத்ததும் முதலில் பேச வேண்டியது வழங்கி. ‘+ஓகே’ என்று ஆரம்பிக்கும் ஒரு வரியை அது அனுப்பும்வரை எதிர்முனை வாய்திறக்காது. எழுதப் பழகுபவர்கள் பெரும்பாலும் இதை மறந்து, கட்டளை வருமென்று வழங்கியைக் காத்திருக்க வைப்பார்கள். எதிர்முனையும் காத்திருக்கும். இரண்டும் மரியாதையாக உட்கார்ந்திருக்க ஒன்றும் நடக்காது.

அதற்குப் பிறகு ஆளுக்கொரு முறை. எதிர்முனை ‘யூசர்’ என்று பெயரையும் ‘பாஸ்’ என்று கடவுச்சொல்லையும் தருகிறது. வழங்கியின் பதில் ‘+ஓகே’ அல்லது ‘-எர்’ என்று தொடங்க வேண்டும், மூன்றாவது பதில் கிடையாது. இது அடையாளம் காட்டும் கட்டம். அடுத்தது கொடுக்கல் வாங்கல் கட்டம்: எத்தனை கடிதம், எவ்வளவு கனம் என்று கேட்க ‘ஸ்டாட்’, பட்டியலுக்கு ‘லிஸ்ட்’, கடிதத்தை எடுக்க ‘ரெட்டர்’, அழிக்க ‘டெலி’. ஆனால் டெலி உடனே அழிக்காது, குறித்து மட்டும் வைக்கும். ‘குவிட்’ என்று எதிர்முனை முறையாக விடைபெற்றால்தான் மூன்றாவது கட்டத்தில் உண்மையாக அழிக்க வேண்டும். நடுவில் இணைப்பு அறுந்தால் ஒன்றையும் தொடக் கூடாது. டயல்-அப் லைன் அடிக்கடி அறுந்துபோன காலத்தில் கடிதம் காணாமல் போகாமல் காத்தது இந்த ஒரு விதி. ‘முறையாக விடைபெறுதல்’ என்பதை நெறிமுறை என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை என்று தோன்றியது இங்கேதான்.

நிரலைப் பொறுத்தவரை பைத்தானில் பாதி வேலை தயாராக இருக்கிறது. ‘சாக்கெட்சர்வர்’ தொகுதியில் உள்ள திரெடிங் வகை, வருகிற ஒவ்வொருவருக்கும் தனி இழை ஒதுக்கும். கட்டளைப் பெயரையும் அதற்கான செயற்கூற்றையும் (ஃபங்ஷன்) பைத்தானின் ‘டிக்ட்’ என்ற அகராதி ஒன்றில் இணைத்துவிட்டால் முதுகெலும்பு தயார். கடிதங்களைப் படிக்க ‘மெயில்பாக்ஸ்’ தொகுதி, சோதித்துப் பார்க்க ‘பாப்லிப்’. தொல்லையெல்லாம் சில்லறை விவரங்களில். கடிதம் முடிந்ததற்கு அடையாளம், ஒற்றைப் புள்ளி மட்டும் உள்ள வரி. கடிதத்துக்குள்ளேயே புள்ளியில் தொடங்கும் வரி இருந்தால்? அதன் முன்னால் இன்னொரு புள்ளி சேர்த்து அனுப்ப வேண்டும், எதிர்முனை அதை எடுத்துவிடும். வரி முடிவுக்கு இரண்டு குறிகள் சேர்த்து அனுப்புவது விதி. லினக்ஸில் கோப்பில் ஒன்றுதான் இருக்கும். எனவே கோப்பின் அளவை அப்படியே ஸ்டாட்டில் சொன்னால் கணக்கு உதைக்கும். கடித எண்களும் உரையாடல் முடியும்வரை மாறக் கூடாது: 2ஆம் கடிதத்தை அழிக்கக் குறித்தாலும் 3 என்பது 3ஆகவே இருக்கும்.

பூட்டு இன்னொரு விஷயம். ஒருவர் பெட்டியைத் திறந்திருக்கும்போது இன்னொரு இணைப்பு அதே பெட்டியைத் திறக்கக் கூடாது என்று ஆர்எஃப்சி சொல்கிறது. மெயில்பாக்ஸ் தொகுதியில் பூட்டும் கட்டளை இருக்கிறதே என்று நம்பினால், ஒவ்வொரு கடிதத்தையும் தனிக் கோப்பாக வைக்கும் மெயில்டிர் வகைக்கு அது எதுவுமே செய்யாமல் திரும்பி வரும். அந்தக் கோப்பமைப்புக்குப் பூட்டே தேவையில்லை என்பது அதை வடிவமைத்தவர் கட்சி. பாப்3க்குத் தேவை, ஆகவே சொந்தமாக ஒரு பூட்டு செய்துகொள்ள வேண்டும்.

மற்ற சொற்கள் வேகமாக. ‘சர்வர்’ என்பதற்குச் சேவையகம், வழங்கி என்று இரண்டு சொற்கள் புழங்குகின்றன. சேவை என்பதும் ‘சர்வ்’ என்பதும் காதுக்கு ஒன்றுபோல் இருந்தாலும் வேர் வேறு. முன்னது வடமொழி, பின்னது லத்தீன். கட்டடம்போல் ஒலிக்கும் சேவையகத்தை வன்பொருளுக்கு விட்டுவிட்டு, கேட்டதை எடுத்துக் கொடுக்கும் நிரலுக்கு வழங்கி என்பதே என் வழக்கம். ‘ஸ்கிரிப்ட்’டுக்குக் குறுநிரல் பரவாயில்லை, ஆனால் ஸ்கிரிப்ட் என்றாலே குட்டியாகத்தான் இருக்கும் என்ற எண்ணத்தை அது விதைக்கிறது. எட்டு பிட் கொண்ட அளவை ‘ஆக்டெட்’ என்று ஆர்எஃப்சி பிடிவாதமாக எழுதுவதற்குக் காரணம், அந்நாளில் ‘பைட்’ எல்லாக் கணினியிலும் எட்டு பிட்டாக இல்லை.

மிச்சம் இருப்பது ‘ரெட்டர்’ என்ற கட்டளையின் முழு வடிவமான ‘ரிட்ரீவ்’. இதற்கு அகராதிகள் தரும் ‘மீட்டெடுத்தல்’ எனக்குச் செரிக்கவில்லை. மீட்பது அடகு வைத்த நகையை, வெள்ளத்தில் மாட்டிய ஆளை. பத்திரமாகக் காத்திருக்கும் கடிதத்தை எடுப்போம், வாங்குவோம், பெறுவோம். ‘அஞ்சல் மீட்பு வழங்கி’ என்று எழுதினால் படிப்பவர் ஏதோ விபத்து நடந்துவிட்டதாக நினைப்பார். ‘அஞ்சல் எடுப்பு வழங்கி’ போதும்.

எழுதியதை ஓட்டிப் பார்க்கும்போது பாப்3க்கு வழக்கமான 110ஆம் வாசலை (போர்ட்) தொட வேண்டாம். யூனிக்ஸ் வகைக் கணினிகளில் பொதுவாக 1024க்குக் கீழே உள்ள வாசல்களைத் திறக்க ரூட் (நிர்வாகி) உரிமை கேட்கும். 1110இல் வையுங்கள், அதுவும் சொந்தக் கணினிக்குள் மட்டும் கேட்கும்படி. பாஸ் கட்டளை கடவுச்சொல்லைத் திறந்த மடலாக அனுப்புகிறது. வெளியே வைக்க வேண்டுமென்றால் டிஎல்எஸ் மறைகுறியாக்கத்தோடு 995ஆம் வாசல்தான்.