மறைந்த உட்கருவா, முடங்கிய சுளையா?

கணினி பற்றிய ஒரு மொழிபெயர்ப்பைப் படித்துப் பார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதில் ஒரு தலைப்பு: 'பழைய தாய்ப்பலகையில் மறைந்த உட்கருக்களைத் திறத்தல்.' ஆளுக்கு முன்னால் 'மறைந்த' வந்தாலே நமக்கு மாலை போட்ட படம் நினைவுக்கு வரும். கருவுக்கு முன்னால் வந்தால்? அதைத் 'திறத்தல்' வேறு! ஏதோ பிரசவ ஆஸ்பத்திரிக் குறிப்பு கலந்துவிட்டதென்று நினைத்தேன். இதே தொடரை வேறு இடங்களிலும் பார்த்துப் பொறுத்துக்கொண்டவன்தான், இனி முடியாது.

விஷயம் இதுதான். தாய்ப்பலகை என்பது மதர்போர்டு. உட்கரு என்று அவர்கள் எழுதியது 'கோர்', அதாவது கணினியின் மூளையான செயலிக்குள் (ப்ராசசர்) தனியாகவே கணக்குப் போடும் அலகு. 2009இல் சில்லு நிறுவனமான ஏஎம்டி, ஃபீனம் 2 எக்ஸ்2 550 என்ற இரண்டு கோர் செயலியை விற்றது. அதற்கென்று தனிச் சில்லு செய்யவில்லை. டெனெப் என்ற நான்கு கோர் சில்லில், தரச் சோதனையில் தேறாத கோர்களை முடக்கி, எக்ஸ்3, எக்ஸ்2 என்று பெயர் வைத்துக் குறைந்த விலைக்கு அனுப்பியது. அப்போதைய சில மதர்போர்டுகளில் எஸ்பி750 என்ற துணைச் சில்லு இருந்தது. ஓவர்கிளாக் செய்ய, அதாவது செயலியை நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்ட, உதவுவதற்காக அதில் ஏசிசி என்றொரு வசதி வைத்திருந்தார்கள். கணினி தொடங்கும்போது வரும் பயாஸ் அமைப்பில் அதை 'ஆட்டோ' என்று மாற்றினால், யாரும் எதிர்பாராதபடி முடக்கிய கோர்கள் எழுந்து வந்தன. திரையில் 550 என்ற பெயர் போய் 'எக்ஸ்4 பி50' என்று காட்டும். எல்லாருக்கும் வாய்க்கவில்லை. ஆனால் வாய்த்தவர்களிடம் அவை வருடக்கணக்கில் ஓடின. அதைப் பார்த்தால், கிராக்கிக்காக நல்ல கோர்களையும் சேர்த்தே முடக்கியிருக்கிறார்கள் என்று தெரிகிறது. பிறகு ஆசுஸ், ஆஸ்ராக் போன்ற மதர்போர்டு நிறுவனங்கள் இதையே ஒரு வசதியாகப் பெட்டியில் அச்சிட்டு விற்றன.

சரி, சொல்லுக்கு வருவோம். 'கோர்' ஆங்கிலத்தில் முதலில் பழத்தின் நடுப்பகுதி, ஆப்பிளைத் தின்றபின் தூக்கி எறிவோமே, அது. இதயத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லோடு உறவு சொல்வார்கள், உறுதியில்லை. கணினிக்கு வந்தபோது காந்த வளைய நினைவகத்துக்குப் பெயராக இருந்தது. 2001இல் ஐபிஎம்மின் பவர்4 ஒரே சில்லில் இரண்டு செயலிகளை வைத்தது, அவை ஒவ்வொன்றும் ஒரு கோர். 2005க்குப் பிறகு வீட்டுக் கணினிக்கும் அந்த ஏற்பாடு வந்து, 'எத்தனை கோர்?' என்பது கடைப்பேச்சு ஆனது.

இப்போது அந்தத் தலைப்பைப் பிரித்துப் போடுகிறேன். 'மறைந்த' தவறு. 'மறைந்துள்ள' என்றாலும் தவறுதான், ஏனென்றால் அவை எங்கும் ஒளிந்திருக்கவில்லை. இருப்பது எல்லாருக்கும் தெரியும், வேலை செய்யவிடாமல் முடக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். 'திறத்தல்' அதைவிட மோசம். பெட்டியைத் திறக்கலாம், பூட்டைத் திறக்கலாம். இங்கே மூடியும் இல்லை, பூட்டும் இல்லை. (யாழ்ப்பாணத்தில் 'திறப்பு' என்றால் சாவி. 'உட்கரு திறப்பு' என்று எழுதினால் அங்கே என்ன நினைப்பார்களோ!) வங்கிக் கணக்கை முடக்குகிறார்கள், பிறகு முடக்கத்தை நீக்குகிறார்கள். இதைச் சொல்ல ஊரில் எல்லாருக்கும் தெரியும், மொழிபெயர்ப்பாளருக்கு மட்டும் அகராதி வேண்டியிருக்கிறது.

'உட்கரு'தான் என் பெரிய வழக்கு. அணுவுக்குக் கரு ஒன்றுதான். கரு என்றால் நடுவில் இருப்பது, மற்றவை அதைச் சுற்றி இருக்கும். செயலியில் நான்கு கோரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன, எதுவும் எதற்கும் நடு இல்லை. போதாததற்கு இயக்குதளத்தின் (விண்டோஸ் போன்றவை) மையப் பகுதியான கெர்னலையும் கரு என்று எழுதுகிறார்கள். 'கரு நான்கு கருக்களுக்கும் வேலையைப் பிரித்துத் தருகிறது' என்று எழுதிவிட்டு யாருக்குப் புரியவைப்பது? தூயதமிழ் நண்பர் ஒருவர் 'காழ்' என்றார், மரத்தின் வைரம். அகத்தே காழ் உள்ளது மரம், புறத்தே உள்ளது புல் என்று தொல்காப்பியமே பிரிக்கிறது. அழகான சொல்தான். ஆனால் அதுவும் மரத்துக்கு ஒன்று. இன்றைக்குக் காழ்ப்பு தெரிந்த அளவுக்குக் காழ் யாருக்குத் தெரியும்?

என் கட்சி சுளை. பலாவிலோ ஆரஞ்சிலோ தோல் ஒன்று, உள்ளே சுளை பல, ஒவ்வொன்றும் தனக்குள் முழுசு. இருசுளைச் செயலி, முச்சுளை, நாற்சுளை. 2010இல் வந்த ஆறு கோர் துபன் சில்லுக்கு 'அறுசுளை', அறுசுவை மாதிரி வாயில் நிற்கிறது. சொத்தைச் சுளையை ஒதுக்குவதும் பொருந்துகிறது. என்னிடம் இருந்த 550இல் மூன்றாவது கோர் சமர்த்தாக எழுந்தது. நான்காவதையும் எழுப்பினால் விண்டோஸ் சின்னம் வரும், உடனே கணினி நின்றுபோய் நீலத்திரை. பயாஸ் அமைப்பை அழிக்க மதர்போர்டில் இருக்கும் சீமாஸ் ஜம்பரை மாற்றிப் போட்டுப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதே இரண்டு இரவு வேலை. கடைசியில் மூன்றோடு நிறுத்திக்கொண்டேன், வெப்பநிலை மட்டும் எப்போதும் பூஜ்யம் என்றே காட்டியது. வாய்த்தவனுக்கோ இரண்டு கோர் காசில் நான்கு, சுளையாக!

'கணினியில் என்னய்யா பழக்கடை?' என்று கேட்பவர்கள் 'கோர்' எங்கிருந்து வந்தது என்று மேலே ஒருமுறை படிக்கவும். அவர்கள் எறிகிற பகுதியைப் பெயராக வைத்தார்கள், நாம் தின்கிற பகுதியை வைப்போமே.

அந்தத் தலைப்பை 'முடக்கிய கோர்களை எழுப்புதல்' என்று திருத்தி அனுப்பினேன். சுளை என்று போட எனக்கே துணிச்சல் வரவில்லை. பத்து நாள் கழித்து இறுதி வடிவம் வந்தது: 'மறைந்துள்ள உட்கருக்களைத் திறத்தல்.'