அயர்வு விரிசல் வளர்ச்சி

ரயில் சக்கரம் பெரும்பாலும் ஒரே அடியில் உடைவதில்லை. அதன் மேல் விழும் சுமை, அது தாங்கக்கூடிய சுமைதான். ஆனால் அதே சுமை லட்சக்கணக்கான முறை ஏறி இறங்கும்போது, உருக்கில் எங்கோ ஒரு நுண்ணிய விரிசல் விழுந்து, சிறுகச் சிறுக நீள்கிறது. ஆங்கிலத்தில் ‘ஃபெட்டீக் கிராக் குரோத்’ எனப்படும் இதற்குத் தமிழில் அயர்வு விரிசல் வளர்ச்சி என்பதே பொருத்தம்.

ஃபெட்டீக், களைப்புறச் செய்வதைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த சொல். அதை உலோகத்துக்குப் பொருத்தக் காரணமே ரயில்தான் எனலாம். 1842 மே 8 அன்று பிரான்சில் வெர்சாய் அருகே ரயில் எஞ்சினின் அச்சு முறிந்து பலர் இறந்தார்கள். ஓடி ஓடி அதிர்ந்ததில் இரும்பின் உள்ளமைப்பே மாறிவிடுகிறது என்று அப்போது பலர் நம்பினார்கள். மறு ஆண்டே ஸ்காட்லாந்துப் பொறியாளர் ராங்கின், அச்சின் விட்டம் சட்டென்று குறையும் மூலையில் விரிசல் தொடங்கி உள்நோக்கி வளர்கிறது என்று காட்டினார். 1854-இல் ஆங்கிலேயப் பொறியாளர் பிரெய்த்வெயிட் லண்டனில் வாசித்த கட்டுரையின் தலைப்பிலேயே ‘உலோகங்களின் ஃபெட்டீக்’ வந்துவிட்டது. அப்புறம் ஜெர்மானியப் பொறியாளர் வோலர், அச்சுகளைத் திரும்பத் திரும்பச் சுமையேற்றிச் சோதித்து இதை ஓர் இயலாகவே ஆக்கினார்.

தமிழில் களைப்பு, சோர்வு, தளர்ச்சி, அயர்ச்சி என நான்கும் புழங்குகின்றன. தளர்ச்சி வேண்டாம், இழுத்துப் பிடித்த பொருளில் தகைவு (உள்ளே எழும் விசையின் செறிவு, ஆங்கிலத்தில் ‘ஸ்ட்ரெஸ்’) மெல்லக் குறைவதற்கு அது தேவைப்படும். களைப்பும் சோர்வும் ஓய்வெடுத்தால் தீருபவை, உலோகத்தின் சேதமோ ஓய்வால் ஆறுவதில்லை. அயர்தலுக்கும் தளர்தல் என்ற பொருள் உண்டு, ஆனால் அன்றாடப் பேச்சில் அது குறைவாகவே வருவதால் கலைச்சொல்லாக நிலைக்க இடமிருக்கிறது. வெறியயர்தல், விருந்தயர்தல் என்று பழந்தமிழில் ‘செய்தல்’ பொருளிலும் அது வரும். இங்கே அது சேராது. கிராக்குக்கு வெடிப்பு என்றால் குண்டுவெடிப்பு நினைவுக்கு வரும், விரிசலே சரி. கடைசியில் துண்டாவது முறிவு.

சக்கரத்துக்கு வருவோம். 920 மி.மீ. விட்டமுள்ள சக்கரம் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 346 முறை சுழலும். ஆயிரம் கிலோமீட்டரில் மூன்றரை லட்சம் சுற்று. தண்டவாளத்தைத் தொடும் இடமோ ஏறத்தாழ ஒரு சதுர சென்டிமீட்டர். டன் கணக்கான எடை முழுவதும் அங்கேதான் இறங்குகிறது. மேற்பரப்பில் தொடங்கும் விரிசல் சாய்வாக உள்ளே இறங்கும். தண்ணீர் புகுந்தால், சக்கரம் அழுத்தும்போது அந்த நீரே விரிசலைப் பிளந்து வேகப்படுத்தும். பிரேக் கட்டை உரசும் சூட்டிலும் விரிசல் பிறக்கும். மேற்பரப்புக்குச் சில மில்லிமீட்டர் கீழே, உருக்கில் கலந்துவிட்ட ஓர் அயல்துகளில் தொடங்குவது இன்னும் மோசமானது. கண்ணுக்குத் தெரியாமலே வளர்ந்து விளிம்பில் ஒரு துண்டையே பெயர்த்துவிடும்.

முறிந்த முகத்தைப் பார்த்தால் கதை புரியும். ஒரு பக்கம் வழவழப்பாக, வளைவு வளைவான வரிகளோடு இருக்கும். அது விரிசல் பொறுமையாக வளர்ந்த பகுதி. மீதி சொரசொரப்பாக இருக்கும், அது கடைசி நொடியில் பட்டென்று முறிந்தது. 1998 ஜூன் 3 அன்று ஜெர்மனியின் எஷெடேயில் 101 பேரைப் பலிகொண்ட விபத்தும் சக்கரத்தின் வெளி வளையத்தில் உட்புறம் தொடங்கிய அயர்வு விரிசலால்தான். இதைப் படிக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

வளர்ச்சி என்ற சொல்லுக்கும் இங்கே கணக்கு உண்டு. 1960-களில் அமெரிக்கப் பொறியாளர் பால் பாரிஸ் தந்த விதிப்படி, ஒரு சுற்றுக்கு விரிசல் நீளும் அளவு, அதன் நுனியில் ஏறி இறங்கும் தகைவுச் செறிவின் வீச்சை, அதாவது அதன் உச்சத்துக்கும் தாழ்வுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. உருக்கில் அது ஏறக்குறைய மூன்றாம் அடுக்கில் ஏறும்; வீச்சு இரண்டு மடங்கானால் வேகம் எட்டு மடங்கு. விரிசல் நீள நீள அந்த வீச்சும் கூடும் என்பதால் கடைசிக் கட்டம் மிக விரைவானது. ஆகவேதான், காதுக்குக் கேட்காத ஒலியை உலோகத்துக்குள் செலுத்திப் பார்க்கும் மீயொலிச் சோதனையில் கண்டுபிடிக்கக்கூடிய அளவிலிருந்து முறியும் அளவுக்கு விரிசல் வளர எவ்வளவு ஓட்டம் ஆகும் என்று கணக்கிட்டு, அதற்குள் ஒரு முறைக்கு மேல் சோதனை வரும்படி இடைவெளி வைக்கிறார்கள்.