ஒரே பாதை, இரண்டு எரிபொருள் கணக்கு: வீட்டு விமானிக்கு எந்த மென்பொருள்?

"வீட்டுக் கணினியில் ஃப்ளைட் சிமுலேட்டர் வைத்துச் சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு ஏ320 பயணிகள் விமானம் ஓட்டுகிறேன். ஒரே பாதையை இரண்டு மென்பொருளில் போட்டுப் பார்த்தால் எரிபொருள் கணக்கு நூற்றுக்கணக்கான கிலோ வித்தியாசத்தில் வருகிறது. எதை நம்புவது, எதை வைத்துக்கொள்வது?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

முதலில் நேரடியான பதில். பயணிகள் ஜெட் ஓட்டுகிறீர்கள் என்றால் சிம்பிரீஃப். செஸ்னா மாதிரி சிறு விமானத்தில் ஆற்றையும் மலையையும் பார்த்துக்கொண்டு பறக்கிறீர்கள் என்றால் லிட்டில் நாவ்மேப். இரண்டும் பாதையையும் எரிபொருளையும் முன்கூட்டியே திட்டமிடும் மென்பொருள்கள், இரண்டுக்கும் காசு வேண்டாம். ஆனால் வாசகரின் கேள்வியில் ஒளிந்திருக்கும் இன்னொரு கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது: பாதை ஒன்று, விமானம் ஒன்று, அப்புறம் ஏன் விடை இரண்டு? இது புரிந்துவிட்டால் எந்த மென்பொருளையும் நீங்களே எடைபோட்டுக்கொள்ளலாம்.

பாதை போடுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உருண்டையான பூமியில் இரண்டு ஊர்களுக்கு இடையே குறுகிய வழி பெருவட்டத்தின் ஒரு துண்டு என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். நிஜத்தில் அந்தக் கோட்டிலேயே போக முடியாது, பெயரிட்ட வழிப்புள்ளிகளையும் வான்வழித்தடங்களையும் பிடித்துப் பிடித்துப் போக வேண்டும், அதனால் மென்பொருள் அந்த வலைப்பின்னலில் குறைந்த செலவுள்ள வழியைத் தேடுகிறது. வரைபடச் செயலிகள் சாலையில் செய்வதும் இதே வேலைதான்.

எரிபொருளுக்கு வருவோம். ஓடுதளம் வரை உருண்டு போகக் கொஞ்சம், பயணத்துக்கு, எதிர்பாராததற்குப் பயண எரிபொருளில் 5 சதவீதம், இறங்க முடியாவிட்டால் மாற்று விமான நிலையத்துக்குப் போக, கடைசியாக ஜெட் விமானமென்றால் 1,500 அடி உயரத்தில் 30 நிமிடம் வட்டமடிக்கத் தேவையான, தொடவே கூடாத இருப்பு. பொதுவான கணக்கு இதுதான். விதிமுறைக்கு விதிமுறை சின்னச் சின்ன மாற்றம் உண்டு. இதில் பயண எரிபொருள் என்ற ஒரே வரியில்தான் எல்லா அழகும் இருக்கிறது.

ஏன் என்றால் அது தன்னையே கேட்கும் கேள்வி. எவ்வளவு எரியும் என்பது விமானம் எவ்வளவு கனம் என்பதைப் பொறுத்தது. எவ்வளவு கனம் என்பதோ எவ்வளவு எரிபொருள் ஏற்றினோம் என்பதைப் பொறுத்தது. பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர் வழிக்கான கட்டுச்சோறு முழுவதையும் தானே சுமந்தால், அந்தச் சோற்றைச் சுமக்கும் களைப்புக்கே இன்னும் கொஞ்சம் சோறு வேண்டும், அந்தக் கொஞ்சத்தைச் சுமக்க இன்னும் கொஞ்சம்.

நேர்மட்டத்தில் பறக்கும்போது இறக்கை தரும் தூக்குவிசை விமானத்தின் எடைக்குச் சமமாக இருக்க வேண்டும். எடை கூடினால் இறக்கை காற்றை இன்னும் பலமாகக் கீழே தள்ளியாக வேண்டும். அப்படித் தள்ளுவதற்கு விலையாக ஓர் இழுவை வரும், அது அதே வேகத்திலும் உயரத்திலும் எடையின் இருமடிக்கு ஏற்ப வளரும். அந்த இழுவையை எஞ்சின் ஈடுகட்ட வேண்டும். போதாததற்கு, கனமான விமானத்தால் மெல்லிய காற்றுள்ள உயரத்துக்கு உடனே ஏற முடியாது. நீண்ட பயணங்களில் விமானங்கள் எரிபொருள் தீரத் தீரப் படிப்படியாக உயரம் ஏறுவது இதனால்தான்.

பெரிய ஜெட் விமானங்களுக்கு ஒரு நடைமுறைக் கணக்கு உண்டு: கூடுதலாக ஏற்றும் எடையில் மணிக்குச் சுமார் 3 சதவீதம் அதைத் தூக்குவதற்கே எரிந்துபோகும். நான்கு மணி நேரப் பயணத்துக்கு 12 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். சிங்கப்பூரில் இறங்கும்போது கையில் 1,000 கிலோ கூடுதலாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறீர்கள். அதைத் தூக்க 120 கிலோ. அந்த 120-ஐத் தூக்க 14.4 கிலோ. அந்த 14.4-ஐத் தூக்க 1.7 கிலோ. அதற்கு 0.2. எல்லாம் கூட்டினால் சுமார் 1,136 கிலோ. முடிவில்லாமல் நீளும் தொடர், ஆனால் ஒவ்வொரு படியும் சுருங்கிச் சுருங்கி ஓர் எண்ணில் போய் நின்றுவிடுகிறது. பத்தாம் வகுப்பில் படித்த பெருக்குத் தொடர் இங்கே எரிபொருள் டாங்கியில் உட்கார்ந்திருக்கிறது! பதினான்கு மணி நேரப் பயணமென்றால் கூடுதலாக ஏற்றிய ஒரு டன்னில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதைச் சுமப்பதற்கே போய்விடும். "எதற்கும் இருக்கட்டும்" என்று டாங்கியை நிரப்பிவிட்டுக் கிளம்பும் வீட்டு விமானிகள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

நல்ல மென்பொருள் இந்த முடிச்சை அவிழ்க்கும் விதம் இன்னும் அழகு. புறப்படும் எடை தெரியாது, ஆனால் இறங்கும் எடை ஏறக்குறையத் தெரியும்: காலி விமானம், பயணிகள், சரக்கு, எதிர்பாராததற்கும் மாற்று விமான நிலையத்துக்கும் வைத்த எரிபொருள், தொடாத இருப்பு, அவ்வளவுதான். ஆகவே கணக்கைச் சிங்கப்பூர் ஓடுதளத்தில் தொடங்கிப் பின்னோக்கி நடக்கலாம். கடைசித் துண்டில் இந்த எடைக்கு, இந்த உயரத்துக்கு, இந்த வெப்பநிலைக்கு எவ்வளவு எரியும் என்று அட்டவணையில் பார்த்து எடையோடு கூட்டு. அதற்கு முந்தைய துண்டில் அந்தப் புது எடையை வைத்து மறுபடி பார். இப்படியே சென்னை வரை வந்துவிட்டால் புறப்படும் எடை கையில். ஆனால் எந்த இடத்தை எத்தனை மணிக்குக் கடப்போம் என்பது முன்னோக்கிப் போனால்தான் தெரியும், காற்றும் நேரத்துக்கு நேரம் மாறும், அதனால் ஓர் ஊகத்தில் தொடங்கி முன்னும் பின்னுமாகச் சில சுற்றுப் போய், இரண்டு சுற்றுகளின் விடைக்கும் வித்தியாசம் இல்லை என்றானதும் நிறுத்த வேண்டியிருக்கும்.

வாசகரின் குழப்பத்துக்குப் பாதி விடை இங்கே இருக்கிறது. சிம்பிரீஃப் ஒவ்வொரு விமான வகைக்கும் எடையோடும் உயரத்தோடும் மாறும் தரவை வைத்துக் கணக்கிடுகிறது. லிட்டில் நாவ்மேப்பில் ஏறும்போது, சீராகப் பறக்கும்போது, இறங்கும்போது மணிக்கு இவ்வளவு எரியும் என்று நாம் ஒரு கோப்பில் கொடுக்கிறோம், அல்லது நாம் பறக்கும்போது அதுவே பார்த்துக் குறித்துக்கொள்கிறது. செஸ்னாவுக்கு அந்த முறை தாராளமாகப் போதும், ஏனென்றால் அதில் எரிபொருளின் எடை மொத்தத்தில் பெரிய பங்கு இல்லை, பயணமும் சிறியது. முழுச் சுமையோடு போகும் ஜெட்டுக்குத்தான் கணக்கு வழுகும்.

மீதிப் பாதி காற்று. விமானம் பறப்பது காற்றுக்குள். அந்தக் காற்றே நகர்ந்துகொண்டிருந்தால் தரையில் கடக்கும் தூரம் வேறு, காற்றில் கடக்கும் தூரம் வேறு. சென்னை-சிங்கப்பூர் பாதையைத் தோராயமாக 1,600 கடல் மைல் என்றும் விமானத்தின் வேகத்தை 450 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) என்றும் வைத்துக்கொள்வோம். காற்றே இல்லையென்றால் 213 நிமிடம். 50 நாட் எதிர்காற்று என்றால் 240 நிமிடம். அதே 50 நாட் பின்காற்று என்றால் 192 நிமிடம். எதிர்காற்று 27 நிமிடம் பறிக்கிறது, பின்காற்று 21 நிமிடம்தான் திருப்பித் தருகிறது. போகும்போது இழந்ததை வரும்போது முழுதாக ஈடுகட்டவே முடியாது, எதிர்காற்றுக்குள் நாம் அதிக நேரம் இருந்துவிடுகிறோம்.

இந்தப் பாதையில் ஜூலை மாதம் பறந்து பாருங்கள். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தரைக்கருகே மேற்குக் காற்று வீசினாலும் மேலே, ஜெட்கள் பறக்கும் உயரத்திலும் அதற்கு மேலும், கிழக்கிலிருந்து மேற்காக ஒரு பெரும் காற்றோட்டம் தென்னிந்தியாவைக் கடக்கிறது. சுமார் 14 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் அதன் மையத்தில் வேகம் 60 நாட்டைத் தாண்டும். வெப்பமண்டலக் கிழக்கு ஜெட் என்று பெயர். இதை உலகுக்கு விளக்கி எழுதியவர் இந்திய வானிலை ஆய்வாளர் பி. கோட்டேஸ்வரம், 1958-இல். ஆகவே அந்த மாதங்களில் சிங்கப்பூர் போகும்போது எரிபொருள் கூடும், திரும்பும்போது குறையும். காற்றை உண்மையான முன்னறிவிப்பிலிருந்து எடுக்கும் மென்பொருளில் இது தானாகத் தெரியும், காற்றே இல்லாததுபோலக் கணக்கிட்டால் தெரியாது.

காற்றின் பலம் எவ்வளவு என்றால், ஏர் இந்தியா 2016 அக்டோபரில் டெல்லி-சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் வழியிலிருந்து பசிபிக் வழிக்கு மாற்றியது. அட்லாண்டிக் வழி சுமார் 13,900 கிலோமீட்டர். பசிபிக் வழி சுமார் 15,300. தூரம் கூடியும் நேரம் குறைந்தது, வழி முழுக்க மேற்கிலிருந்து வரும் காற்று முதுகில் தள்ளியதால்.

சரி, மென்பொருளுக்கு இந்தக் காற்று எங்கிருந்து கிடைக்கிறது? லிட்டில் நாவ்மேப் அமெரிக்க அரசு அமைப்பான நோவா வெளியிடும் உலக முன்னறிவிப்பை இறக்கிக்கொள்ளும். ஒரு நாளைக்கு நான்கு முறை வெளிவரும் அந்தக் கணிப்பு யாருக்கும் இலவசம். அதற்கு அடித்தளமாக இருப்பவற்றில் ஒன்று உலகமெங்கும் யூடிசி என்ற உலகப் பொது நேரப்படி தினமும் 0 மணிக்கும் 12 மணிக்குமாக விடப்படும் வானிலை பலூன்கள். நம் நேரத்துக்குக் காலை 5:30, மாலை 5:30. சென்னை மீனம்பாக்கமும் அந்தப் பலூன் நிலையங்களில் ஒன்று. இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: பொதுப் பணத்தில் எடுக்கும் வானிலைத் தரவு எல்லோருக்கும் எளிதாகக் கிடைக்க வேண்டும், பலூன் விடுவதில் ஒரு பைசாகூடக் குறைக்கக் கூடாது. 2025-இல் ஆள் பற்றாக்குறையால் அமெரிக்காவில் சில நிலையங்கள் பலூன் விடுவதைக் குறைத்தபோது அது அந்த நாட்டுப் பிரச்சினை மட்டும் என்று பலர் நினைத்தார்கள். ஆனால் முன்னறிவிப்பு உலகம் முழுவதையும் சேர்த்தே கணக்கிடப்படுகிறது, ஒரு மூலையில் ஏற்படும் ஓட்டை காற்றோடு சேர்ந்து நகர்ந்து இன்னொரு மூலைக்கு வந்துசேரும்.

இன்னொரு நடைமுறைச் சிக்கல். திட்டம் ஒரு முன்னறிவிப்பிலிருந்து காற்றை எடுக்கும், சிமுலேட்டர் வேறொன்றிலிருந்து எடுக்கும். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரின் நேரடி வானிலை மீட்டியோப்ளூ நிறுவனத்துடையது. எக்ஸ்-பிளேன் என்ற இன்னொரு சிமுலேட்டர் நோவா தரவை எடுக்கிறது. சிமுலேட்டரில் வானிலையைத் "தெளிந்த வானம்" என்று வைத்துவிட்டு நிஜக் காற்றுக்குப் போட்ட திட்டத்தோடு ஒப்பிட்டால் பொருந்தவே பொருந்தாது. அதேபோலக் காலையில் போட்ட திட்டத்தை இரவில் பறக்கக் கூடாது, புறப்படும் நேரத்தை யூடிசியில் சரியாகக் கொடுங்கள்.

வழித்தடத் தரவைப் பற்றி ஒரு பத்தி போதும். வழிப்புள்ளிகளும் தடங்களும் 28 நாளுக்கு ஒருமுறை, எப்போதும் ஒரு வியாழக்கிழமை, உலகமெங்கும் ஒரே நாளில் மாறுகின்றன. இதற்கு ஏராக் சுழற்சி என்று பெயர். சிம்பிரீஃபை இலவசமாகப் பயன்படுத்தினால் பழைய சுழற்சி கிடைக்கும், புதியது வேண்டுமென்றால் இந்தத் தரவை விற்கும் நாவிகிராஃப் நிறுவனத்துக்குச் சந்தா கட்ட வேண்டும். என் கருத்து: வாட்சிம், ஐவாவோ போன்ற இணைய வலையமைப்புகளில் நிஜ மனிதர்கள் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருக்க நீங்கள் அடிக்கடி பறப்பவர் என்றால் சந்தா தகும். தனியாகப் பறப்பவருக்குத் திட்டத்திலும் விமானத்தின் கணினியிலும் ஒரே சுழற்சி இருந்தால் போதும், அது பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. இந்திய விமான நிலையங்களின் வரைபடங்களை இந்திய விமான நிலையங்கள் ஆணையமே இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது.

நிறுவியதும் முதலில் அலகைப் பாருங்கள், கிலோவா பவுண்டா என்று. 1983 ஜூலை 23-இல் ஏர் கனடாவின் 767 ஒன்று கிலோவையும் பவுண்டையும் குழப்பியதால் தேவையானதில் பாதிகூட இல்லாமல் கிளம்பி, நடுவானில் எஞ்சின்கள் நின்று, கனடாவில் கிம்லி என்ற ஊரின் பழைய விமானப்படைத் தளத்தில் மிதந்து இறங்கியது. எல்லோரும் பிழைத்தார்கள்.

வாசகருக்கு நான் சொல்வது, ஏ320-க்குச் சிம்பிரீஃபில் திட்டம் போடுங்கள், அதை லிட்டில் நாவ்மேப்பில் இறக்கி நகரும் வரைபடமாக வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ளைபைவயர் குழுவின் இலவச ஏ320 மாதிரியில் சிம்பிரீஃப் திட்டத்தை நேரடியாகவே எடுத்துக்கொள்ளலாம். பிறகு பறக்கும்போது ஒவ்வொரு வழிப்புள்ளியிலும் மீதி எரிபொருளைத் திட்டத்தில் உள்ளதோடு ஒப்பிட்டுக் குறியுங்கள். வித்தியாசம் ஒரே சீராக வளர்ந்தால் உங்கள் விமான மாதிரி கொஞ்சம் அதிகமாகக் குடிக்கிறது. திடீரென்று ஓர் இடத்தில் தாவினால் அங்கே காற்று வேறு. சீராக வளரும் வித்தியாசத்துக்குச் சிம்பிரீஃபில் எரிபொருள் காரணி என்று ஓர் இடம் இருக்கிறது, அதில் 2 சதவீதமோ 3 சதவீதமோ கூட்டிவிடலாம். நிஜ விமான நிறுவனங்களும் பழசாகித் தேய்ந்த ஒவ்வொரு விமானத்துக்கும் தனித்தனியாக இப்படி ஒரு திருத்தம் வைத்திருக்கின்றன. காற்றால் வந்த வித்தியாசத்தை மட்டும் இந்தக் காரணியில் போட்டுவிடாதீர்கள், அடுத்த மாதமே காற்று திசை மாறும்.